பேச்சு வந்துவிட்டது, பாடம் வரவில்லை

"பையனுக்குத் தமிழ் நல்லா வருது சார். படிப்புதான் ஏற மாட்டேங்குது."

திருப்பூர், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கத்து அரசுப் பள்ளி ஆசிரியர்களோடு டீ குடிக்க உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்தில் இந்தப் பேச்சு வந்துவிடும். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளையைப் பற்றிய பேச்சு அது. சொல்பவர் பெரும்பாலும் அந்தப் பிள்ளைமேல் அக்கறை உள்ளவர். இல்லையென்றால் அவனைப் பற்றிப் பேசியே இருக்கமாட்டார். ஆனால் அவர் சொன்னதில் முதல் பாதி தவறு. அது தவறாகப் போனதால்தான் இரண்டாவது பாதியும் தவறாகிறது. எப்படி என்று நாம் நிதானமாகப் பார்க்கலாம்.

சோனு என்று ஒரு பையனை வைத்துக்கொள்வோம். பீகாரில் இரண்டாம் வகுப்பு முடித்தவன். எட்டு வயதில் திருப்பூர் வந்தான். அப்பா பனியன் கம்பெனியில் பவர் டேபிளில் தைக்கிறார், அம்மா செக்கிங்கில் இருக்கிறார். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அவனை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்று சொல்லிச் சேர்க்கையை மறுக்கவும் முடியாது. ஆகவே ஒரு வார்த்தை தமிழ் தெரியாமலே மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்தான்.

முதல் சில மாதங்கள் அவன் வாயே திறக்கவில்லை. புதிய மொழிக்குள் வந்து விழுந்த குழந்தைகள் பலரிடமும் இந்த மௌனம் உண்டு. காது வேலை செய்துகொண்டிருக்கும், வாய் காத்திருக்கும். பிறகு ஒருநாள் "மிஸ், இவன் அடிச்சிட்டான்" என்று புகார் வந்தது. அப்புறம் கபடி, கோலி, கடைக்குப் போய் மிட்டாய், பக்கத்து வீட்டுப் பாட்டியோடு அரட்டை. நான்காம் வகுப்புக்கு வரும்போது கொங்குத் தமிழில் "ஏனுங்க" போட்டுப் பேசுகிறான். கேட்கிறவர்களுக்கு ஒரே பெருமை. "நம்ம ஊர்ப் பையன் ஆயிட்டான்" என்கிறார்கள்.

அவனிடம் ஒரு கணக்கு வருகிறது. "ஒரு பெட்டியில் 48 ஆரஞ்சுப் பழங்கள் இருந்தன. அவற்றுள் அழுகியவற்றை நீக்கியபின் 39 பழங்கள் எஞ்சின. எனில், நீக்கப்பட்ட பழங்கள் எத்தனை?" சோனு 48ஐயும் 39ஐயும் கூட்டி 87 என்று எழுதுகிறான். பெட்டியில் இருந்ததைவிட அதிகப் பழம் எப்படி அழுகும் என்று ஆசிரியருக்கு எரிச்சல். இதே சோனுவிடம் 48 கழித்தல் 39 என்று எண்ணாக மட்டும் எழுதிக் கொடுங்கள். கடன் வாங்கி, அடித்துத் திருத்தாமல் 9 என்று போடுவான்.

அந்தக் கணக்கை இப்போது அவன் காதால் கேட்போம். அவற்றுள், அழுகியவற்றை, நீக்கியபின், எஞ்சின, எனில், நீக்கப்பட்ட. இவற்றில் ஒன்றையாவது கபடி மைதானத்தில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறோமா? அங்கே "மிச்சம் எத்தனைடா இருக்கு?" என்பார்கள், கையை விரித்துக் காட்டுவார்கள், கோலி கண்ணெதிரே கிடக்கும். பாதிப் பேச்சைக் கையும் கண்ணும் முகமும் பேசிவிடும். அச்சடித்த பக்கத்தில் கை கிடையாது, முகம் கிடையாது. "நீக்கியபின்" என்ற சொல்லில் தொங்கிக்கொண்டிருக்கும் அந்தப் "பின்" புரியாவிட்டால் எது முதலில் நடந்தது, எது அடுத்து என்பதே தெரியாது. சோனுவின் கையில் அகப்பட்டவை இரண்டு எண்கள் மட்டும். அவற்றை வைத்து ஏதாவது செய்தாக வேண்டுமே, கூட்டினான்.

ஆக, நாம் ஒரே பெயரில் "தமிழ்" என்று அழைப்பதற்குள் இரண்டு திறமைகள் இருக்கின்றன. ஒன்றைப் புழக்கத் தமிழ் என்போம். ஆள், இடம், பொருள் எல்லாம் எதிரே இருக்கும்போது பேசுவது. மற்றதைப் பாடத் தமிழ் என்போம். எதிரே எதுவுமில்லாமல், சொற்களை மட்டும் நம்பி அர்த்தம் கட்டுவது. "நம் பையனுக்குத் தமிழ் வந்துவிட்டது" என்று ஆசிரியர் சொல்வது முதலாவதை வைத்து. பரீட்சை கேட்பதோ இரண்டாவதை. எல்லோரும் வழுக்கி விழும் இடம் இதுதான் என்பதால் இங்கே இன்னும் கொஞ்சம் நிற்போம்.

இந்த வித்தியாசத்தைக் கல்வி உலகில் அழுத்தமாகப் பிரித்துக் காட்டியவர் ஜிம் கம்மின்ஸ். அயர்லாந்தில் பிறந்து கனடாவில் பணியாற்றியவர். வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் "படிப்பில் மந்தம்" என்று உளவியல் சோதனைக்கு அனுப்பப்பட்ட 400க்கும் மேற்பட்ட கோப்புகளை அவர் எடுத்துப் படித்தார். பல கோப்புகளில் ஒரே கதை. பிள்ளை ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுகிறது, ஆகவே மொழி ஒரு தடையல்ல என்று முடிவுகட்டி ஆங்கிலத்திலேயே அறிவுச் சோதனை வைக்கிறார்கள். மதிப்பெண் குறைகிறது. ஆகவே பிள்ளையின் மூளையில்தான் குறை என்று எழுதிவிடுகிறார்கள். ஆரம்பத்தில் நாம் கேட்ட பேச்சு அங்கே முத்திரை குத்திய சான்றிதழாகவே ஆகியிருந்தது.

1979இல் கம்மின்ஸ் இரண்டு திறமைகளுக்கும் தனிப் பெயர் வைத்தார். டொரன்டோ பள்ளிகளின் தரவுகளை மறுபடி அலசியதில், பேச்சுப் புழக்கம் இரண்டு ஆண்டுக்குள் ஓரளவு கைகூடிவிடுவதும், பாடமொழியில் உள்ளூர்ப் பிள்ளைகளை எட்டிப்பிடிக்க 5 முதல் 7 ஆண்டு ஆவதும் தெரிந்தன. பிறகு அமெரிக்காவில் நடந்த ஆய்வுகளும் ஏறக்குறைய இதே காலத்தைத்தான் காட்டின. 1983க்குப் பின் இலங்கையிலிருந்து போய்ச் சேர்ந்த நம் பிள்ளைகளும் அந்த டொரன்டோ வகுப்பறைகளில்தான் உட்கார்ந்தார்கள் என்பதால் இது நமக்கு அவ்வளவு தூரத்து விஷயமும் இல்லை.

கம்மின்ஸின் கோடு ரொம்ப நேராக இருக்கிறது, வாழ்க்கையில் பேச்சும் பாடமும் இப்படிப் பிளந்து கிடப்பதில்லை என்று குறை சொன்னவர்கள் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஊர்ப் பாட்டி சொல்லும் ஒரு விடுகதைக்குள் பாடப்புத்தகத்தில் இல்லாத நுட்பம் இருக்கிறது. ஆனாலும் ஒரு பிள்ளையை "மந்தம்" என்று எழுதப்போகும் பேனாவைச் சற்று நிறுத்திவைக்க இந்தக் கோடு போதும்.

தமிழில் இந்த இடைவெளி இன்னும் அகலம். நாம் பேசும் தமிழும் எழுதும் தமிழும் வேறு வேறு. "இருந்துச்சு" என்று பேசிவிட்டு "இருந்தது" என்று எழுதுகிறோம். தமிழ்க் குழந்தைக்கே பள்ளி ஒரு புதுத் தமிழைத்தான் கற்றுத்தருகிறது. ஆனால் அந்தக் குழந்தைக்குப் பாதி வழியை வீடும் ஊரும் போட்டுக் கொடுத்திருக்கின்றன. தொலைக்காட்சிச் செய்தி, மேடைப் பேச்சு, கோயில் திருவிழா மைக், அப்பா சத்தமாக வாசிக்கும் செய்தித்தாள் என்று எழுத்துத் தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கும். சோனு குடியிருக்கும் லைன் வீட்டில் இவை எதுவும் இல்லை. எட்டாம் வயதில் வந்தவனுக்கு ஏழு ஆண்டு என்றால், பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு வந்துவிடுகிறது. டொரன்டோ கணக்கு திருப்பூருக்கு அப்படியே பொருந்த வேண்டியதில்லை. ஆனால் ஓர் ஆண்டில் "தமிழ் வந்துவிட்டது" என்று கையைக் கழுவுவது எவ்வளவு அவசரம் என்று தெரிகிறதல்லவா?

சரி, என்ன செய்வது? இங்கே பலரும் நல்ல எண்ணத்தோடு ஒரு யோசனை சொல்வார்கள். பெற்றோரைக் கூப்பிட்டு, "வீட்டிலும் தமிழே பேசுங்க. உங்க பாஷையை நிறுத்துங்க. அப்பத்தான் பையன் தேறுவான்" என்பது. தலைக்குள் இருக்கும் இடம் குறைவு, ஒரு மொழி வெளியேறினால்தான் இன்னொன்று உட்கார முடியும் என்ற நம்பிக்கை இதன் அடியில் இருக்கிறது. மிகப் பழைய நம்பிக்கைதான். 1923இல் வேல்ஸ் நாட்டில் டி. ஜே. சேர் என்பவர் கிராமப்புறத்து இருமொழிக் குழந்தைகள் சோதனையில் பின்தங்குவதாகச் சொன்னார். அந்தக் காலத்து ஆய்வுகள் பலவும் குடும்பத்தின் வசதி, ஊர், சோதனை எந்த மொழியில் நடந்தது என்பவற்றைச் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை. 1962இல் மாண்ட்ரியாலில் எலிசபெத் பீலும் வாலஸ் லாம்பர்ட்டும் ஒரே மாதிரி வசதியுள்ள வீடுகளின் பத்து வயதுப் பிள்ளைகளை ஒப்பிட்டபோது, பிரெஞ்சும் ஆங்கிலமும் நன்கு தெரிந்த பிள்ளைகளே முன்னால் நின்றார்கள்.

நமக்கு மாண்ட்ரியால்கூட வேண்டாம். கி. ராஜநாராயணன் வீட்டில் தெலுங்கு பேசியவர். கும்பகோணத்து எம். வி. வெங்கட்ராம் சௌராஷ்டிரர். இருவருமே தமிழ் நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது வாங்கியவர்கள்: அவர் 1991இல், இவர் 1993இல். மதுரையில் எத்தனை வீடுகளில் சௌராஷ்டிரமும், ஓசூரில் எத்தனை வீடுகளில் தெலுங்கும் கன்னடமும், நீலகிரியில் எத்தனை வீடுகளில் படுகும் பேசிவிட்டுப் பிள்ளைகள் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறார்கள்! அந்த வீடுகளில் யாரும் தமிழுக்காக வீட்டு மொழியைக் கழற்றிப் போடவில்லை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அவர்களுக்குத் தெருவெல்லாம் பல தலைமுறையாகத் தமிழ், சோனுவுக்கு எல்லாமே புதிது. அதனால்தான் அவனுக்குப் பள்ளியின் கை கூடுதலாகத் தேவைப்படுகிறது.

மொழிகள் தலைக்குள் எப்படித்தான் இருக்கின்றன? சைக்கிள் ஓட்டப் பழகிய பையன் பிறகு டிவிஎஸ் மொபெட்டில் உட்காருவதை நினைத்துக்கொள்வோம். ஆக்சிலேட்டர் புதிது, எடை புதிது, பிரேக் பிடிக்கும் விதம் புதிது. ஆனால் பேலன்ஸ் அவன் உடம்பில் ஏற்கெனவே ஏறிவிட்டது, அதை யாரும் மறுபடி சொல்லித்தர வேண்டாம். சைக்கிளை மறந்தால்தான் மொபெட் வரும் என்று யாரும் சொல்வதுமில்லை. சோனு இந்தியில் எழுத்துக்கூட்டி வாசிக்கப் படித்தபோது, எழுத்து ஒலியைக் குறிக்கிறது, வரி இடமிருந்து வலம் போகிறது, புரியாத சொல்லை முன்பின் பார்த்து ஊகிக்கலாம் என்பதையெல்லாம் கற்றுவிட்டான். கழித்தல் என்றால் என்ன என்று தெரியும். வெயிலில் ஈரத்துணி ஏன் காய்கிறது என்பது தெரிந்தால், "ஆவியாதல்" என்பது அவன் முன்பே அறிந்த ஒன்றுக்கு ஒட்ட வேண்டிய புதுப் பெயர் மட்டும்தான்.

இதற்கு எதிர்பாராத திசையிலிருந்து ஒரு சாட்சி உண்டு. ஸ்வீடனுக்குக் குடியேறிய ஃபின்லாந்துப் பிள்ளைகளை டோவே ஸ்குட்னாப் காங்கஸும் பெர்ட்டி டௌகோமாவும் ஆராய்ந்து 1976இல் ஓர் அறிக்கை தந்தார்கள். சின்ன வயதிலேயே வந்த பிள்ளைகள்தான் ஸ்வீடிஷில் முந்துவார்கள் என்று நாம் நினைப்போம். பேச்சில் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் பாடமொழியில், சொந்த மொழியில் சில ஆண்டு பள்ளி போய்விட்டுப் பத்து வயதுவாக்கில் வந்தவர்களே உள்ளூர்ப் பிள்ளைகளின் நிலைக்கு அருகே போனார்கள். வந்த வயதைவிட, கையோடு கொண்டுவந்த மொழியின் ஆழம் உதவியது.

இப்போது "வீட்டிலும் தமிழே பேசுங்க" என்ற அறிவுரை என்ன செய்யும் என்று பாருங்கள். சோனுவின் அம்மாவுக்குத் தெரிந்த தமிழ் சூப்பர்வைசரிடமும் மளிகைக் கடையிலும் பேசும் அளவு. அந்தத் தமிழில் பிள்ளையிடம் "வா, சாப்பிடு, படி, தூங்கு" என்று சொல்லலாம். அவ்வளவுதான். கதை சொல்ல முடியாது, ஏன் அழுகிறாய் என்று துருவ முடியாது, ஊரில் தாத்தா நெல் எப்படிச் சேமித்தார் என்று விளக்க முடியாது. பிள்ளைக்குக் கிடைத்துவந்த செறிவான பேச்சு நின்றுபோய், அரைகுறைத் தமிழ் அந்த இடத்துக்கு வருகிறது. பள்ளி அவனுக்குக் கொடுக்க நினைத்ததும் இதனால் கிடைக்கவில்லை, வீடு கொடுத்துக்கொண்டிருந்ததும் போயிற்று. பெற்றோரிடம் சொல்ல வேண்டியது இதற்கு நேர் எதிர்: உங்கள் மொழியில் நிறையப் பேசுங்கள், இன்று வகுப்பில் என்ன நடந்தது என்று உங்கள் மொழியிலேயே கேளுங்கள்.

இதில் ஒரு சின்னத் திருப்பம் இருக்கிறது. "ஹிந்திக்காரப் பையன்" என்று நாம் அழைக்கும் சோனுவின் வீட்டில் இந்தி பேசாமலும் இருக்கலாம். பீகாரில் பலர் வீட்டில் பேசுவது போஜ்புரி, மைதிலி, மகஹி. இந்தி அவனுக்குப் பள்ளியில் கற்ற மொழி. அப்படியானால் தமிழ் மூன்றாவது. வகுப்பில் ஒரு மொழிகூட வராதவன் என்று நாம் பார்த்த பையன், உண்மையில் அந்த அறையில் மிக அதிக மொழி தெரிந்தவனாக இருக்கக்கூடும்.

இந்தி, ஒடியா, வங்காளத்திலிருந்து தமிழுக்கு வரும் பிள்ளைக்கு நாம் நினைப்பதைவிட வழி சுலபம். நீலகிரியில் கோத்தர், தோடர் மொழிகளை ஆராய்ந்த மரே எமனோ, 1956இல் எழுதிய ஒரு கட்டுரையில், வெவ்வேறு குடும்பத்து இந்திய மொழிகள் நூற்றாண்டுக் கணக்கில் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்து ஒன்றுபோல் ஆகியிருப்பதைக் காட்டினார். பெரும்பாலானவற்றில் வினை கடைசியில் வருகிறது. "எனக்குப் பசிக்குது" என்று நாம் சொல்லும்போது பசி "எனக்கு" வருவதுபோல், இந்திக்காரரும் "முஜே பூக் லகி ஹை" என்பார். நாம் "டீ கீ" என்றால் அவர் "சாய் வாய்" என்பார். வாக்கியத்தின் எலும்புக்கூடு பையனிடம் ஏற்கெனவே இருக்கிறது.

எது இடறும் என்று தெரிந்துகொண்டால் பிழைகளைப் பார்த்துக் கோபம் வராது. இந்தியில் நான்கு தனித்தனி எழுத்துகள் செய்யும் வேலையைத் தமிழில் ஒரு "க" செய்கிறது. "கடல்" என்பதில் ஒரு ஒலி, "தங்கம்" என்பதில் வேறு, "அகம்" என்பதில் இன்னொன்று. ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி என்று பழகியவன் திணறத்தான் செய்வான். ஒடியாவிலும் வங்காளத்திலும் வினைச்சொல் ஆண், பெண் காட்டாது. அந்தப் பிள்ளை "அம்மா வந்தான்" என்று சொன்னால் வகுப்பே சிரிக்கும். சிரிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை, அவன் மொழியின் விதி அது. இந்தியில் 25 என்பதற்கான சொல்லில் ஐந்து முன்னாலும் இருபது பின்னாலும் வருகிறது, தமிழில் இருபது முன்னால். சொல்லச் சொல்ல எழுதும்போது இடம் மாறினால் அதைக் கணக்குத் தவறு என்று உடனே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது வகுப்பறைக்குள் போவோம். ஆசிரியருக்கு இந்தி தெரியாது, ஒடியா தெரியாது, முப்பது பிள்ளைகள், அவர்களில் நாலைந்து பேர் வெளியூர். சிறப்பு ஆசிரியர் வருவார் என்று காத்திருக்க முடியாது.

முதலில் எளிதானது. அந்த ஆரஞ்சுப் பழக் கணக்கைச் சோனுவும் அவன் மொழி தெரிந்த இன்னொருவனும் தங்கள் மொழியிலேயே இரண்டு நிமிடம் பேசிக்கொள்ளட்டும். பிறகு தமிழில் சொல்லட்டும். ஒரு மொழியில் வாசித்து இன்னொன்றில் பேசுவது அல்லது எழுதுவது என்ற இந்த முறையை 1990களில் வேல்ஸில் கென் வில்லியம்ஸ் என்பவர் கற்பித்தல் உத்தியாகவே வகுத்தார். இருமொழிக் குழந்தைகளைக் குறைவாக எடைபோட்ட அதே வேல்ஸ்தான். ஒரு பொருளை ஒரு மொழியில் வாங்கி மற்றதில் கொடுக்க வேண்டுமானால், நடுவில் அதைப் புரிந்துகொண்டே தீரவேண்டும், வெறும் நகலெடுக்க முடியாது என்பதுதான் இதன் சூட்சுமம். "அவனுங்க என்ன பேசுறானுங்கன்னே தெரியலையே" என்று ஆசிரியர்கள் கவலைப்படுவார்கள். பிள்ளைகள் பேசி முடித்ததும் ஒரு படமோ ஒரு கணக்கு வரியோ போடச் சொன்னால் தெரிந்துவிடும். நடுவில் கிரிக்கெட்டும் பேசுவார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் அதைத்தான் செய்கிறார்கள்.

அடுத்தது, புழக்கத் தமிழிலிருந்து பாடத் தமிழுக்கு ஏறிவர ஆசிரியர் கைகொடுப்பது. என் பார்வையில் எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான். "எஞ்சின" என்ற சொல்லை எடுத்துவிட்டு "மிச்சம்" என்று கணக்கையே சுலபமாக்கிக் கொடுப்பது இரக்கம்தான், ஆனால் அடுத்த ஆண்டு அந்தச் சொல் மறுபடி வந்து மறிக்கும். ஆகவே முதலில் "மிச்சம்" என்று பேசி, பழத்தை வைத்தோ புளியங்கொட்டையை வைத்தோ செய்து காட்டி, பிறகு பலகையில் இரண்டையும் பக்கத்தில் எழுதி, "புத்தகம் இதைத்தான் எஞ்சின என்கிறது" என்று சொல்ல வேண்டும். "அதிகம்", "குறைவு", "வேறுபாடு", "எனில்" என்று ஒரு பாடத்துக்கு நாலைந்து சொல் போதும். பிறகு பிள்ளையின் வாயால் அதே சொல்லை வைத்துக் கணக்கைத் திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும். காதில் மட்டும் விழுந்த சொல் எழுத்துக்கு வராது. இப்படிச் செய்தால் வகுப்பில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளில் பாதிப் பேரும் நிமிர்ந்து உட்கார்வார்கள். அவர்களுக்கும் "எனில்" புதிதுதான்.

எழுத்து, புத்தகம், பரீட்சை பற்றி சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏற்கெனவே எழுதத் தெரிந்த பிள்ளை தன் மொழியில் முதலில் எழுதட்டும், ஒவ்வொரு புதுத் தமிழ்ச் சொல்லுக்கும் பக்கத்தில் தன் எழுத்தில் குறிப்புப் போட்டுக்கொள்ளட்டும். 2015இல் பிரதம் புக்ஸ் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை இந்தியிலும் ஒடியாவிலும் தமிழிலும் இலவசமாகக் கிடைக்கிறது. வீட்டு மொழியில் ஒருமுறை வாசித்துவிட்டுத் தமிழில் வாசித்தால், கதையைத் தேடாமல் மொழியை மட்டும் தேடலாம். பரீட்சையில் பிள்ளை தவறு செய்தால், அதே கேள்வியை வாய்மொழியாகவோ எண்ணாகவோ ஒருமுறை கேட்டுப்பார்த்துவிட்டு, தெரியாதது கணக்கா, கேள்வியா என்று பிரித்துக் குறித்துவைக்கலாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஓரளவு தமிழ் பேசும் பிள்ளையை வகுப்பின் நிரந்தர மொழிபெயர்ப்பாளராக ஆக்கிவிடுவது சுலபம். வீட்டிலும் அவன்தான் வீட்டுக்காரரிடமும் ஆஸ்பத்திரியிலும் அப்பாவுக்காகப் பேசுகிறவன். இரண்டு இடத்திலும் பிறருக்காகவே பேசிக்கொண்டிருந்தால் தனக்காகப் படிக்க நேரம் எப்போது?

இங்கே ஒரு கேள்வி உங்கள் மனதில் எழுந்திருக்கும். எழாமல் இருந்தால் நாம் தமிழர்களே அல்ல. "அப்படியானால் நம் பள்ளிக்குள் இந்தி நுழையவா?" இல்லை. இங்கே நோக்கம் தமிழ்தான், பிள்ளையிடம் ஏற்கெனவே இருக்கும் மொழியின் உதவியோடு தமிழுக்குப் போவது. வேண்டாதவர்மேல் ஒரு மொழியை ஏற்றுவதும், ஒரு பிள்ளை தன் மொழியில் யோசிப்பதை அனுமதிப்பதும் ஒன்றல்ல. 1938இலும் 1965இலும் இந்தித் திணிப்பை எதிர்த்து நாம் எந்த நியாயத்தைப் பேசினோமோ, அது ஒடியா பேசும் பிள்ளைக்கும் பொருந்தும். 1956இல் அரசமைப்பில் சேர்ந்த 350ஏ பிரிவு மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. அவற்றில் தமிழும் ஒன்று. நம் பிள்ளைகள் அங்கே தமிழில் படிப்பதை யாரும் தமிழ்த் திணிப்பு என்று சொல்வதில்லை.

ஒரு வகுப்பில் நாலு பேருக்காகத் தனிப் பள்ளி நடத்த முடியாது என்பது உண்மை. ஆனால் ஒரே இடத்தில் நிறையப் பேர் இருக்கும் இடங்களும் உண்டு. ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா மாவட்டங்களிலிருந்து திருவள்ளூர் பக்கத்துச் செங்கல் சூளைகளுக்கு வரும் குடும்பங்கள் ஆண்டில் பாதி இங்கே, பாதி அங்கே. அந்தப் பிள்ளைக்கு ஏழு ஆண்டுத் தமிழ்க் கணக்கே பொருந்தாது. மழைக்காலத்தில் அவன் மறுபடி ஒடியாப் பள்ளிக்குத்தான் போயாக வேண்டும். சூளையோரம் ஒடியா ஆசிரியர்களைக் கொண்டு வகுப்புகள் நடத்திப் பார்த்திருக்கிறார்கள். அதுதான் சரியான வழி, அது ஒவ்வொரு சூளைப் பருவத்திலும் தவறாமல் நடக்க வேண்டும். ஒடிசாவே தன் பழங்குடிப் பிள்ளைகளுக்காக 2007 வாக்கில் பத்து மொழிகளில் தாய்மொழி வழிக் கல்வியைத் தொடங்கி, பிறகு இருபத்தொன்றுக்கு விரித்தது. பாடப்புத்தகம் அச்சிடாத மொழிகளுக்கே அங்கே புத்தகம் வந்தது என்றால், அச்சிட்ட புத்தகம் ஏற்கெனவே இருக்கும் ஒடியாவையும் இந்தியையும் இங்கே வரவழைப்பது பெரிய காரியமல்ல.

வரும் ஜூனில் உங்கள் வகுப்புக்கோ உங்கள் பிள்ளையின் வகுப்புக்கோ இப்படி ஒரு குழந்தை வந்தால், பெயரும் ஊரும் கேட்டதோடு நிறுத்தாதீர்கள். வீட்டில் என்ன மொழி, எந்த மொழியில் எந்த வகுப்புவரை படித்தாய் என்று கேளுங்கள். அந்த மொழியில் ஒரு பக்கத்தைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு சொல்கூட உங்களுக்குப் புரியாமல் போகலாம். ஆனால் தடுமாறுகிறானா, கடகடவென்று வாசிக்கிறானா என்பது எந்தக் காதுக்கும் தெரியும். கடகடவென்று வாசித்தால், அவனுக்கு வாசிக்கத் தெரியும் என்று முதல் நாளே பதிவேட்டில் எழுதிவையுங்கள்.